வித்துக்கு முதல் உணவு

 

வித்தை முளைக்கச் செய்பவன் யார் என்னும் வினாவை இறைமறையின் அல்வாகிஆ அத்தியாயம் நம்முன் வைக்கிறது. விடையை நாம் அறிவோம். ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பதன்றோ பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி? உழவன் கட்ட வேண்டிய ஒட்டகம் அவன் கையிலுள்ள விதையே.

பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் காடு வானத்தை நம்பியது. புரட்டாசியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறோம். ஒரு தூறலில் முளைத்த பயிர், அடுத்த மழை பிந்தினால் கருகிவிடுகிறது. மறுவிதைப்புக்குக் கையில் காசிராது. கடன்காரர் வாசலோ திறந்தே இருக்கும். மார்க்கம் விலக்கிய வட்டி இல்லத்தினுள் நுழைவது பலவேளை இவ்வழியாகத்தான்.

இவ்விடரைக் குறைக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் எளிய முறை ஒன்றுண்டு. அதற்கு விதை கடினப்படுத்துதல் என்று பெயர். விதையை அளவான நேரம் ஊறவைத்தால் முளைப்புக்குரிய வேலைகள் உள்ளே தொடங்கிவிடும். வேர் வெளிவருமுன் உலர்த்தி அதனை நிறுத்திவிடுகிறோம். பின்னர் மழை விழுந்ததும் விதை விரைந்து, ஒரே சீராக முளைக்கும். வேரும் ஈரத்தைத் தேடி முந்தி இறங்கும்.

ஊறவைக்கும் நீரில் நுண்ணூட்டம் சேர்ப்பது கூடுதல் நன்மை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. பந்த்நகரில் நெற்பயிரை வாட்டிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என்று 1966-இல் டாக்டர் நேனே அறிவித்ததை வேளாண்மை பயில்வோர் அறிவர்.

உளுந்து முதலிய பயறுகளுக்கான முறை இது. துத்தநாக சல்பேட் 10 கிராமை 1 லிட்டர் நீரில் கரையுங்கள். அதிலிருந்து 10 மில்லி மட்டும் எடுத்து, நீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். இது 3 கிலோ விதைக்குப் போதும். 3 மணி நேரம் ஊறியதும் நிழலில் பரப்பி, பழைய எடைக்குத் திரும்பும்வரை உலர்த்துங்கள். ஏக்கருக்குரிய 8 கிலோவுக்கு மூன்று லிட்டருக்கும் குறைவான கரைசலே தேவை. சோளத்திற்கு வேறு கரைசல். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை 2 சதவீத அளவில் பயன்படுத்துவர்.

நேரம் மிஞ்சினால் முளை கிளம்பி, உலர்த்தும்போது மடிந்துவிடும். அளவு மிஞ்சினால் நன்மையே நஞ்சாகும். ரைசோபியம் கலப்பதாயின், விதை உலர்ந்தபின் ஆறிய கஞ்சியில் கலந்து இடுக. இல்லத்தரசியர் கவனத்திற்கு: எஞ்சிய விதையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

பச்சிளங் குழந்தையின் நாவில் பேரீத்தம்பழச் சாற்றைத் தடவித் தஹ்னீக் செய்கிறோம். அது வாழ்நாள் உணவாகுமா? அவ்வாறே இம்முறையும் தொடக்கத்துக்கு ஓர் உதவியே. மண்ணின் பசியைத் தீர்க்காது. மண் பரிசோதனையில் குறை தெரிந்தால் நிலத்திலும் துத்தநாகம் இட்டாக வேண்டும். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சென்று கேட்டறிய வெட்கப்பட வேண்டாம்.

மானாவாரி விளைச்சலில் ஏழைக்குப் பத்தில் ஒரு பங்கு உண்டு என்பது மார்க்கச் சட்டம். விதையைப் பேணுகிறவர், தம் வீட்டுக் குதிரோடு அந்த ஏழையின் பங்கையும் பேணுகிறார். மழையும் விளைவும் தருபவன் வல்ல ரஹ்மான். நம் முயற்சியில் அவன் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.