கண்ணீரைத் தீட்டியது போதும்!

மடுல்சீமை மலைமுகட்டில் நின்று கிழக்கே நோக்குங்கள். கீழே விரிந்து கிடப்பது வெல்லஸ்ஸைப் பிரதேசம். 1817-18இல் வெள்ளையராட்சியை எதிர்த்து எழுந்த ஊவாக் கிளர்ச்சியின் களம் அது. அக்கிளர்ச்சியில் தலைகொடுத்த கெப்பெட்டிப்பொலையின் மண்டையோடு 1954இல் எடின்பரோவிலிருந்து மீட்டுவரப்பட்டது. கண்டியில் நினைவுச் சின்னமும் எழுந்தது. வீரனை நாடு போற்றியது முறையே. ஆனால், அதே ஊவா மண்ணில் தமிழ்த் தொழிலாளர் நடத்திய போர் யார் நினைவில் இருக்கிறது?

1940ஆம் ஆண்டு, பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமக்கெனச் சபையொன்றைத் தேர்ந்தெடுத்தனர். அதைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரையை இசைய வைத்தனர். கூலியென்று இகழப்பட்டவன் குடிமகனாய் நிமிர்ந்த நாள் அது! 1948இல் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1952இல் அவன் கொழும்பிலே சத்தியாக்கிரகம் இருந்தான்.

நம் கலைஞர்கள் இவற்றில் எத்தனையைத் தீட்டினார்கள்? தூரிகை எடுத்தால் கூடை சுமக்கும் பெண், ஒழுகும் லயம், அட்டை கடித்த கால்! தேயிலை வியாபாரி தன் விளம்பரத்தில் அந்தப் பெண்ணைச் சிரிக்க வைக்கிறான். நம் கலைஞன் அழ வைக்கிறான். இருவருமே அவளைப் பேசவிடவில்லையே!

லயத்து வறுமை பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யன்று, இன்றும் உள்ளதே. ஆயினும் இரக்கம் பிச்சையிடும், உரிமை தராது. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டந்தோறும் பாடியது ஒப்பாரியையா? உரிமையையல்லவா பாடினார்! 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் மக்கள் நடந்தனர். முன்னோர் பஞ்சம் பிழைக்க வந்த பாதையை உரிமை கேட்கும் பாதையாக மாற்றினர். வரலாற்றைப் புதிதாய்ப் பொருள்கொள்வது என்பது இதுதான்.

நாட்டின் வரலாற்றில் நமக்கு இடமில்லை என்று குறைகூறுகிறோம். நம் கலையிலேயே நம் போராட்டத்துக்கு இடமளிக்காத நாம், பிறரைக் குறைகூறும் தகுதியை எங்கே பெற்றோம்?

மாசியிலே காமன் கூத்தாடும் மலையக இளைஞர்களே! எரிந்த மன்மதன் மீண்டெழுந்தான் என்று ஆடுகிறீர்கள். அதே தப்பொலியில் வெவெஸ்ஸ தோட்டத்துப் பாட்டன்மாரையும் எழுப்புங்கள். அவர்கள் அழுது நிற்கும் காட்சி வேண்டாம். சபை கூடி, துரையின் முன் நிமிர்ந்து நிற்கும் காட்சியை ஆடுங்கள். இந்த மண்ணுக்கு நாம் யார் என்பதை அந்தக் காட்சி சொல்லட்டும்!