அரிதானது என்பதற்காகச் சொல்லாமல் விடலாமா?

நெகிழ்வான குழாயொன்றை உடலினுள் செலுத்தி உணவுப்பாதையைப் பார்வையிடும் என்டொஸ்கோபி, கொலனொஸ்கோபி பரிசோதனைகள் இன்று கொழும்பிலும் கண்டியிலும் மாத்திரமன்றி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடைபெறுகின்றன. பெரும்பாலானோர் காலையில் வைத்தியசாலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பிவிடுகின்றனர். நாட்டில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்றான பெருங்குடற் புற்றுநோயை, அது சிறு வளர்ச்சியாக இருக்கும் நிலையிலேயே கண்டு அகற்ற முடிவது இப்பரிசோதனையினாலேயே ஆகும். ஆகையால் இதற்கு அஞ்சி எவரும் ஒதுங்கிவிடக் கூடாது என்பதை முதலிலேயே கூறிவிட விரும்புகின்றோம்.

எனினும், பெருங்குடலைப் பார்க்கும் குழாய் குடலுக்கு வெளியேயுள்ள உறுப்பொன்றையும் காயப்படுத்தக்கூடும் என்பது பலரும் அறியாத விடயமாகும். அவ்வுறுப்பு மண்ணீரல். பெருங்குடல் இடது விலா எலும்புகளின் கீழ் வளைந்து இறங்குமிடத்தில் மெல்லிய நாரிழையமொன்று அதனை மண்ணீரலுடன் பிணைத்திருக்கின்றது. குழாய் அவ்வளைவைக் கடக்கையில் இந்த இழையம் இழுபட்டு மண்ணீரலின் உறை கிழியலாம். முந்திய சத்திரசிகிச்சையினால் வயிற்றினுள் ஒட்டுகள் ஏற்பட்டிருப்பின் இழுவை மேலும் அதிகரிக்கும். குடலில் துளை விழுவதே ஏறத்தாழ ஆயிரம் பரிசோதனைகளில் ஒன்றிலோ அதற்கும் குறைவாகவோதான் நிகழ்கின்றது. மண்ணீரற் காயம் அதனிலும் மிக அரிது. 1974 ஆம் ஆண்டில் வைத்திய ஏடுகளில் முதன்முதலாகப் பதிவான இக்காயம், அதன் பின்னர் நூற்றுக்கு மேற்பட்டோரில் பதிவாகியுள்ளது. திறமை மிக்க வைத்தியர்களின் கைகளிலும் இது நேர்ந்திருப்பதால், காயம் ஏற்பட்டதை மாத்திரம் வைத்து அலட்சியம் எனக் குற்றஞ்சாட்டிவிட முடியாது.

காயத்தைக் காட்டிலும் தாமதமே இங்கு ஆபத்தானது. கிழிந்த மண்ணீரலிலிருந்து குருதி மெல்லக் கசியலாம். அநேகமானோரில் 24 மணித்தியாலத்திற்குள் வலி தோன்றிவிடும். சிலரில் நாட்கள் சென்ற பின்னரே தெரியவரும். அப்போது நோயாளர் வீட்டில் இருப்பார். பரிசோதனையின்போது குடலினுள் காற்றுச் செலுத்தப்படுவதால் வயிறு ஊதுவதும் வலிப்பதும் இயல்பே என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும். அது உண்மையுங்கூட. ஆகவே வாய்வு என்று எண்ணி மல்லித் தண்ணீர் குடிப்பார். உள்ளே தேங்கும் குருதி பிரிமென்றகட்டை உறுத்துவதனால் சிலருக்கு இடது தோளிலும் வலி எடுக்கும். வயிற்றுப் பரிசோதனைக்கும் தோள் வலிக்கும் தொடர்பிருக்குமென்று யார்தான் நினைப்பார்? தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுவார். தலைசுற்றலும் வியர்வையும் ஏற்பட்டு மயங்கி விழும்போது பெருமளவு குருதி வெளியேறியிருக்கும். நேரகாலத்துடன் ஸ்கான் செய்து கண்டறிந்தால், பலரை மண்ணீரலை அகற்றாமலேயே காப்பாற்ற முடிகின்றது. பதிவான சம்பவங்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவர் உயிரிழந்துள்ளனர் என்பதையும் நாம் கவனத்திற்கொள்ள வேண்டும்.

இத்தனை அரிய ஆபத்தைச் சொல்லி நோயாளரை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று வைத்தியர்கள் கேட்பதுண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஏற்கனவே பார்வை குன்றியிருந்த கண்ணில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்ணொருவர், நன்றாக இருந்த மற்றைய கண்ணின் பார்வையை இழந்தார். அவ்வாறு நேர்வதற்கான வாய்ப்பு சுமார் 14,000 இல் ஒன்று. அப்படியிருந்தும், அந்த நோயாளருக்கு அது முக்கியமானதாக இருந்திருக்கும் என்பதால் வைத்தியர் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டுமென நீதிமன்றம் கூறியது. எண்ணிக்கையில் சிறியது என்பது மௌனத்திற்குப் போதிய காரணமாக ஏற்கப்படவில்லை.

எமது நாட்டில் இதனுடன் மொழிப் பிரச்சினையும் சேர்ந்துகொள்கின்றது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தச் சட்டத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாகியது. ஆனால் வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது கையில் தரப்படும் நோய் நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. வாய்மொழி விளக்கமோ பல இடங்களில் சிங்களத்தில் கிடைக்கின்றது. மலையகத்திலிருந்தோ புத்தளத்திலிருந்தோ தலைநகருக்கு வந்து பரிசோதனை செய்துகொள்ளும் தமிழரும் முஸ்லிமும் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறுகின்றனர். சம்மதப் பத்திரத்தில் இட்ட கையொப்பம் வைத்தியசாலைக்குப் பாதுகாப்பாக அமையலாம். ஆனால் நள்ளிரவில் வலியால் துடிப்பவருக்கு அதனால் பயனேதுமில்லை.

இதற்குப் புதிய இயந்திரமோ பெருநிதியோ அவசியமில்லை. மும்மொழியிலும் அச்சிட்ட அரைப்பக்கத் துண்டொன்று போதுமானது. கடும் வயிற்றுவலி, இடது தோள்வலி, மயக்கம், காய்ச்சல், குருதிப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதியாது திரும்பி வரும்படியும், வர இயலாதவர் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கும்படியும் அதில் இருக்க வேண்டும். வேறு வைத்தியசாலைக்குச் செல்ல நேரிட்டால் அங்குள்ள வைத்தியர் பார்ப்பதற்காக, செய்யப்பட்ட பரிசோதனையின் பெயரும் திகதியும் அதிலேயே குறிக்கப்படல் வேண்டும். சுகாதார அமைச்சு இதனை அரச வைத்தியசாலைகளுக்கு மாத்திரமன்றி, கட்டணம் பெற்று இப்பரிசோதனைகளைச் செய்யும் தனியார் வைத்தியசாலைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.