மேளம் பின்னணிச் சத்தம் அல்ல

'தமிழனுக்கு வரி இல்லாமப் பாட்டு இறங்காதுப்பா.' இசை பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசினால் பத்தாவது நிமிடத்தில் இந்த வாக்கியம் வந்துவிடும். சொல்பவர் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவர். மோக்வை கேட்பார், எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை கேட்பார். பாடகரே இல்லாத அந்தக் குழுக்களைத் தான் ரசிப்பது ஒரு விதிவிலக்கு, ஊரில் மற்ற யாருக்கும் கவிஞர் இல்லாமல் ஒன்றும் ஏறாது என்பது அவர் கட்சி. நான் காரைக்கால்காரன். இந்த வாக்கியம் தவறு மட்டுமல்ல, கொஞ்சம் அநியாயமும்கூட என்பது என் கட்சி.

முதலில் அந்த விதிவிலக்கான இசையையே எடுத்துக்கொள்வோம். போஸ்ட்-ராக் என்ற பெயரை 1994-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கில விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். ராக் இசையின் கருவிகளை வைத்துக்கொண்டு ராக் அல்லாத ஒன்றைச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்லலாம். மான்ட்ரியால் நகரத்தின் காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழு 2000-இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தில் மொத்தம் நான்கே உருப்படிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 20 நிமிடம். கிட்டார்கள், வயலின், செல்லோ, இரண்டு டிரம்ஸ். பாடகர் கிடையாது. எங்கோ பதிவு செய்த பேச்சுக்குரல் இடையில் வந்து போகும், அவ்வளவுதான்.

இதில் என்ன இருக்கிறது? ஒரு சின்ன ஸ்வரக்கோவை, காது கூர்ந்தால்தான் கேட்கும் அளவுக்குத் தொடங்கும். அதே கோவை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கருவி கூடும். ஐந்தாவது நிமிடத்தில் 'என்னடா இது, நகரவே இல்லையே' என்று தோன்றும். பத்தாவது நிமிடத்தில்தான் தெரியும், நகர்ந்தது நாம்தான் என்று. அதற்குப் பிறகு வரும் பேரிரைச்சல் இரைச்சலாகவே கேட்காது. அந்த இடத்தில் 'இது சோகம்', 'இது கோபம்' என்று எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இந்த இசையின் கவர்ச்சியே அதுதான். என்ன உணர வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தராது. ஆனால் உணர்வதற்கு 20 நிமிடம் கேட்கும்.

இப்போது காரைக்காலிலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் திருநள்ளாற்றுக்கு வாருங்கள். சனிப்பெயர்ச்சி என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். ஆனால் இந்தக் கோயிலுக்கு இன்னொரு பெருமை உண்டு. திருவாரூர் தியாகராஜரோடு சேர்த்து எண்ணப்படும் ஏழு விடங்கத் தலங்களில் இது ஒன்று. ஒவ்வொரு தலத்து விடங்கருக்கும் ஒரு நடனம். இங்கே உன்மத்த நடனம், அதாவது பித்தன் ஆட்டம். இப்படி ஆடுகிற சாமிகளைத் தெருவுக்கு அழைத்து வர டெல்டா உருவாக்கி வைத்திருப்பது மல்லாரி.

மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. கம்பீரநாட்டை ராகம், நாயனம், தவில், தாளம், ஒத்து. எடுத்த உருப்படியை முதலில் நிதானமாக வாசிப்பார்கள். தாளம் அப்படியே நிற்க, அதையே இரட்டிப்பு வேகத்தில், பிறகு அதற்கும் இரட்டிப்பில். தேர் கிளம்ப ஒரு மல்லாரி, தீர்த்தம் கொண்டுவர ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. மல்லாரி முடிந்தால் வீதி நெடுக ராக ஆலாபனை. அதிலும் சொல் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடிக்காக ஜனங்கள் விடியவிடியக் காத்துக் கிடந்தார்கள் என்றால், எந்த வரிக்காகக் கிடந்தார்கள்? வரியே இல்லாத ஒன்றுக்காக வயல்காட்டிலிருந்து நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று 'நமக்கு வரி வேணும்ப்பா' என்கிறோம்.

'எல்லாம் நம்மாளு அன்னைக்கே செஞ்சுட்டான்' என்று சொல்ல நான் வரவில்லை. அது இன்னொரு சோம்பேறித்தனம். இரண்டும் வேறு வேறு இசை. போஸ்ட்-ராக் குழு பெரும்பாலும் அடுக்கிக்கொண்டே போய் உச்சத்தைக் கட்டும். மல்லாரி தாளத்தைப் பிடித்துக்கொண்டு காலத்தை மடிக்கும். ஆலாபனையோ படிப்படியாக ஏறி மேல்ஸ்தாயியில் ஒரே ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கும். எனக்குப் பிடித்த வித்தியாசம் தூரம். புறப்பாட்டின்போது மேளம் முதலில் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். மூலை திரும்பியதும் நெஞ்சில் அறையும். கடந்து போய்த் தேயும். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். தெரு செய்த இந்த வேலையைத்தான் காட்ஸ்பீட் ஆம்ப்ளிஃபையரை வைத்துச் செய்கிறது.

சொல்லை வெறுப்பதும் என் நோக்கமில்லை. நாயனக்காரர்கள் கீர்த்தனையும் வாசிப்பார்கள், தேவாரமும் வாசிப்பார்கள். எங்கள் ஊர் அம்மையார் தமிழ்ச் சொல்லின் தாய்களில் ஒருவர். ஆனால் அவரே திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் ஒரு பாட்டில் ஸ்வரப் பெயர்களையும் தோல்கருவிப் பெயர்களையும் வரிசையாக அடுக்குகிறார். ஆட்டம் சூடுபிடிக்கும் இடத்தில் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை, கருவிகளின் பெயரே போதுமானதாக இருந்தது.

அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த 'வரி வேணும்' என்கிற கதை? தமிழ்நாட்டில் 20-ஆம் நூற்றாண்டின் பெரிய இசைச் சண்டையைப் பாருங்கள். மேடையில் தெலுங்கா தமிழா என்பதுதான் கேள்வி. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஆனால் இரண்டு தரப்புமே பாட்டின் சொல்லைப் பற்றித்தான் சண்டை போட்டன. எந்த மொழியும் இல்லாமல் தெருவில் நின்று ஊதிக்கொண்டிருந்தவர் வழக்கிலேயே இல்லை. அவர் 'மேளக்காரர்'. பாடுகிறவர் மேடையில் உட்கார்ந்திருக்க, இவர் சட்டையில்லாமல் நின்று வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தை முறைத்துக்கொண்டவர்களில் ராஜரத்தினம் முக்கியமானவர். சொல் உள்ளது கலை, சொல் இல்லாதது சத்தம் என்ற படிநிலையில் சாதியும் உட்கார்ந்திருக்கிறது. 'வரி வேணும்' என்பதை வெறும் ரசனை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியாதது இதனால்தான்.

சத்தம் என்று முடிவு செய்துவிட்டால் அடுத்த படி சுலபம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு? அபசகுனமான ஒலி எதுவும் காதில் விழாமல் அமுக்குவதற்கு. பல கோயில்களில் தீபாராதனை நேரத்தில் மோட்டாரில் சுற்றும் மேள யந்திரம் மணியையும் முரசையும் தானே அடித்துக்கொள்கிறது. சம்பளம் வேண்டாம், லீவு கேட்காது. வேலை சத்தம் போடுவது மட்டும்தான் என்றால் மோட்டார் போதுமே!

மோட்டாரைப் பார்த்துச் சிரிக்கும் என் மென்பொருள் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் செயலியில் 'கவனத்துக்கு', 'தூக்கத்துக்கு', 'கோடிங்குக்கு' என்று பட்டியல்கள் இருக்கின்றன. அதில் காட்ஸ்பீடும் போகும், பெயர் தெரியாத யாரோ செய்த மிருதுவான கிட்டாரும் போகும். எது எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து டேபிள் பேச்சு காதில் விழக் கூடாது, அவ்வளவுதான் தேவை. இதுவும் கெட்டிமேளம்தானே, தோழர்? வரியில்லாத இசையை ரசிக்கும் விதிவிலக்கு என்று உங்களை எப்படிச் சொல்வது? வரி இல்லாததால் அதைக் கேட்காமலிருக்க வசதியாக இருக்கிறது என்பதுதானே உண்மை?

தமிழ்க் காதில் கோளாறு இல்லை என்பதற்குச் சாட்சி தேடி எங்கேயும் போக வேண்டாம். இளையராஜா 1986-இல் 'ஹவ் டு நேம் இட்?' என்று பாடலே இல்லாத ஆல்பம் போட்டார். 1988-இல் 'நத்திங் பட் விண்ட்'. இரண்டையும் கேசட் தேயத் தேயக் கேட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். படத்தின் பிஜிஎம்மை ரிங்டோனாக வைக்கிறோம், தியேட்டரில் அந்த இடத்துக்காகக் காத்திருந்து விசிலடிக்கிறோம். அதில் என்ன வரி இருந்தது? நம் காது சொல் இல்லாமல் நன்றாகவே கேட்கும். நாம் கொடுக்க மறுப்பது நேரத்தைத்தான். பழியைத் தூக்கித் தமிழ் மேல் போடுகிறோம்.

அதனால் வரியைப் பற்றிய பேச்சை விடுங்கள். அடுத்த தடவை கல்யாணத்துக்குப் போனால், முகூர்த்தம் முடிந்து நாயனக்காரர் ஓர் ஆலாபனையை எடுக்கும்போது சினிமாப் பாட்டு கேட்டுச் சீட்டு அனுப்பாதீர்கள். பந்திக்கு ஓடாமல் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்காருங்கள். காட்ஸ்பீடின் ஓர் உருப்படியை லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு முழுக்கக் கேளுங்கள். இரண்டுக்கும் தலா 20 நிமிடம். அதற்கு அப்புறமும் இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். கேட்காமலே சொல்லாதீர்கள். நாம் கேட்காமல் விட்ட ஒவ்வொரு பிரகாரத்திலும் ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.