நோவைக் கேளாமல் குடியை நிறுத்த முடியாது

மாதர் சங்கக் கூட்டமோ கமக்காரர் அமைப்பின் கூட்டமோ, எது நடந்தாலும் பேச்சு இறுதியில் கசிப்பில் வந்து நிற்பதை நாம் அனைவரும் அறிவோம். காய்ச்சுபவரைப் பிடிக்க வேண்டும், விற்பவரைத் துரத்த வேண்டும், குடிப்பவரின் உதவிப் பணத்தை மனைவியின் கையில் கொடுக்க வேண்டும் என்று பல யோசனைகள் முன்வைக்கப்படுகின்றன. இவற்றில் நியாயம் உண்டு. ஆனால் குடிப்பவரைப் பார்த்து, "உமக்கு எங்கே நோகிறது?" என்று கேட்பவர் மிகக் குறைவு. இந்தக் கேள்வியைக் கேட்காத எந்தத் திட்டமும் பலன் தராது என்பதே எமது கருத்து.

எல்லோரும் நோவினால்தான் குடிக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. எனினும் மண்வெட்டி பிடித்தும் மூட்டை சுமந்தும் தேய்ந்த முதுகுகள் எம்மிடையே எத்தனை? உடலில் தங்கிவிட்ட ஷெல் துண்டுகளோடு வாழ்பவர் எத்தனை பேர்? மிதிவெடியில் காலை இழந்தவருக்கு, இல்லாத அந்தக் காலிலேயே எரிவும் குத்தும் வருவதுண்டு. அது கற்பனையல்ல. அறுபட்ட நரம்புகளும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உண்மையான நோவு அது. பனடோல் அதற்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. இரவில் நித்திரை வராதபோது கசிப்பு இரண்டு மணித்தியாலம் ஆறுதல் தருகிறது. அந்த ஆறுதல் உண்மையானது என்பதுதான் அதன் பொறி. விடியும்போது நோவு கூடித் திரும்பி வருகிறது. நாளடைவில் அதே ஆறுதலுக்கு அதிகம் குடிக்க வேண்டியிருக்கிறது.

நோவு, போதை ஆகிய இரண்டையும் கையாள்வதில் உலகம் இரு பக்கமும் தவறியிருக்கிறது. இந்தியாவில் 1985 இல் வந்த போதைப்பொருட் சட்டம் மிகக் கடுமையாக இருந்தது. அதற்கு அஞ்சிய வைத்தியசாலைகளும் மருந்துக்கடைகளும் மோர்பினை வைத்திருப்பதையே கைவிட்டன. புற்றுநோயாளர் பலர் கதறியபடி இறந்தனர். அமெரிக்காவில் இதற்கு எதிர்மாறாக நடந்தது. 1996 இல் பேர்டியூ என்ற கம்பனி ஒக்சிகொன்ரின் என்ற வீரியமான குளிசையைச் சந்தைக்கு விட்டு, அதற்கு அடிமையாவோர் அரிது என்று வைத்தியர்களை நம்பவைத்தது. 2007 இலும் 2020 இலும் அக்கம்பனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் பல குடும்பங்கள் அழிந்துவிட்டன. ஹெரோயினும் பென்ரனிலும் பின்தொடர, 2021 ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அளவுமீறிய போதைப்பொருளால் மாண்டனர்.

பயத்தினால் மருந்தை மறுப்பதும் தவறு. இலாபத்துக்காக அள்ளிக் கொடுப்பதும் தவறு. இடையில் ஒரு வழி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1986 இல் புற்றுநோய் நோவுக்கு ஒரு படிமுறையை வகுத்தது. முதற் படியில் பரசிற்றமோல் போன்றவை, அடுத்ததில் கொடீன், அதற்கும் அடங்காவிட்டால் மோர்பின். கேரளத்தில் 1993 இல் கோழிக்கோட்டில் வைத்தியர் இராஜகோபாலும் அவரது தோழர்களும் தொடங்கிய நோவு தணிப்பு இயக்கம், ஊர்த் தொண்டர்களைச் சேர்த்துக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கே சென்றது. 2008 இல் கேரள அரசு அதைத் தனது கொள்கையாக்கியது. அங்கே மோர்பின் கணக்கோடும் கவனத்தோடும் கொடுக்கப்பட்டது.

நாட்பட்ட முதுகு நோவு வேறு வகையானது. அதற்கு வீரியமான குளிசைகள் முதல் மருந்தல்ல. படிப்படியான பயிற்சி, இயன்மருத்துவம், சுமை தூக்கும் முறையை மாற்றுதல் ஆகியவை கூடுதல் பயன் தருகின்றன. நரம்பு நோவுக்கு அமிற்றிப்ரிலின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. ஆகவே எங்கே நோகிறது, எரிவா, குத்தா, உளைவா என்று வைத்தியரிடம் விபரமாகச் சொல்லுங்கள். குடிப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நித்திரைக் குளிசையையோ நரம்பு நோவுக்கான பிரெகபலினையோ குடியோடு சேர்த்தால் மூச்சே நின்றுவிடக்கூடும். அதிகம் குடிப்பவரின் ஈரலை அளவுமீறிய பனடோலும் கெடுத்துவிடும்.

அடிமையாதலும் ஒரு நோயே. நியூயோர்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு வைத்தியர்கள் ஹெரோயினுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோன் என்ற மருந்தை ஒழுங்காகக் கொடுத்து அவர்களை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்ப முடியும் என்று 1965 இல் எடுத்துக்காட்டினர். 2005 இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுப்பட்டபின் மீண்டும் ஏறுவதுபோல, குடியை விட்டவர் மீண்டும் குடிக்கவும் நேரிடலாம். நீரிழிவுக்காரரை அதற்காக நாம் ஏசுவதில்லை. மறுபடியும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல வருடங்களாக நாள்தோறும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கம், வியர்வை, வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வந்து உயிரே போகலாம். வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்கும் குடும்பங்களுக்கும், கோவிலில் சத்தியம் வாங்கி அனுப்பும் எம் போன்ற குருமாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். முதலில் வைத்தியசாலை, பிறகு சத்தியம். அங்கே சில நாட்கள் தங்கவைத்து, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் பி1 விற்றமினும் கொடுத்துப் பக்குவமாக நிறுத்துவார்கள். அதன்பின் உளவள ஆலோசனையும் வீட்டாரின் துணையும் தேவை.

இதில் குடும்பத்தின் பொறுமையை மட்டும் நம்பியிருக்க முடியாது. அடி வாங்கும் மனைவி பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்லோம். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு முதலில் வேண்டும். நோய் என்பது அடிப்பதற்கு அனுமதியல்ல.

கிராம மட்டத்தில் நாம் கேட்பது பெரிய காரியமல்ல. நோவுக்கு ஒரு வைத்தியர், குடிக்கு ஒரு ஆலோசகர் என்று ஒருவரையொருவர் அறியாமல் ஆளைப் பிரித்துப் பார்ப்பது நிற்க வேண்டும். கிராமத்துக்கு வரும் நடமாடும் வைத்தியக் குழு, குடிப்பவரிடம் நோவையும் நோவுள்ளவரிடம் குடியையும் விசாரிக்க வேண்டும். 'குடிகாரன் பொய் சொல்கிறான்' என்று அவரது நோவைத் தள்ளிவிடக்கூடாது. எமது சங்கங்கள் குடிப்பவர்களின் பெயர்களைப் பட்டியலிடுவதை விட்டு, அவர்களுள் வைத்தியசாலைக்குப் போக பஸ் காசு இல்லாதவர் யார், கூடப் போக ஆள் இல்லாதவர் யார் என்று பட்டியலிடட்டும். அடுத்த கூட்டத்தில் கசிப்புப் பற்றிப் பேசும்போது இதையும் நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.