பணம் யார் கைக்கு?

மேலூர் - காரைக்குடி நாலு வழிச்சாலைக்கு நிலம் எடுத்தப்போ, 'எவ்வளவு கிடைக்கும்?' என்றுதான் எங்க பக்கம் பேச்சு. 'யார் கைக்கு?' என்று கேட்டவர்கள் குறைவு.

2015 முதல் தேசிய நெடுஞ்சாலை நிலத்துக்கும் 2013 சட்டப்படிதான் இழப்பீடு. நிலத்தின் மதிப்போடு, அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால், பட்டா அண்ணன் தம்பி பெயரில் மட்டும் இருந்தால்? 'உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே' என்று பேச்சை முடிச்சிடுவாங்க. 2005 திருத்தச் சட்டப்படி, இந்துக் குடும்பங்களில் பிரிக்காத பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு.

பங்குள்ளவர்கள் உரிமை கோரலாம் என்ற அறிவிப்பு தமிழ்ப் பேப்பரிலும் வரும். கோலத்தையும் ராசிபலனையும் பார்க்கிற நாம் அதையும் பார்த்து, உடனே அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கணும். பங்கில் தகராறு என்றால் அவர் கோர்ட்டுக்கு அனுப்பணும் என்பது சட்டம். பட்டுவாடா முடிந்த பிறகு அழுது என்ன பயன், தோழிகளே?

- ஒரு வாசகி, காரைக்குடி.