கலம் கழுவும் கரங்கள்

மாமல்லபுரக் கடற்கரை உணவு விடுதிகளில் சமைப்பவரைப் புகழ்கிறோம். பின்கட்டில் அண்டா தேய்ப்பவரை நினைப்பதில்லை. உண்பவர் நலம் அவர் கையிலும் இருக்கிறது.

ஒட்டியதை வழித்து, சோப்புக் கலந்த வெந்நீரில் தேய்த்து, தூய நீரில் அலசுதல் வேண்டும். பின் தட்டுகளைக் கூடையிலிட்டு, 77 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 வினாடி அமிழ்த்திக் காற்றில் உலரவிடுவதே முறை. ஈரத்துணியால் துடைத்தால் கிருமிகள் மீண்டும் ஏறும்.

கறை நீக்கப் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் கலத்தலாகாது. அதிலெழும் குளோரின் நச்சுவாயு கழுவுபவரின் உயிரையே குடிக்கும். கையுறையும் காற்றோட்டமும் அவருக்கு அளிப்பது முதலாளியின் கடமை.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையற்கட்டில் உழைத்த சகோதரர் லாரன்ஸ், அவ்வேலையிலேயே இறைப்பிரசன்னத்தை உணர்ந்தார். அடுத்த பங்குத் திருவிழா விருந்தில், உண்டெழுந்ததும் நாமும் பாத்திரம் கழுவுமிடம் செல்வோமாக.