புத்தர் நம்ம ஆளுங்களா?

இந்த வருடம் விசாக தினத்தன்று பத்து காஜாவிலிருந்து ஈப்போவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். குனோங் ராப்பாட் பக்கம் சரியான நெரிசல், குகைக் கோயில்களுக்கு அவ்வளவு கூட்டம். பக்கத்தில் பெரியம்மா. சாம் போ தோங் வாசலைப் பார்த்து நான் கும்பிட்டதும், "அது சீனங்க சாமிடா" என்றார். கார் கொஞ்சம் நகர்ந்தது. பேச்சு தம்பி விரும்பும் பெண்ணிடம் போனது. "பொண்ணு படிச்சிருக்கு, நல்ல வேலைல இருக்கு. ஆனா நம்ம ஆளுங்களான்னு ஒரு வார்த்த கேட்டுக்கோ."

புத்தரை 'அவங்க' சாமி ஆக்கியதும், பெண்ணின் சாதியை 'நம்ம ஆளுங்களா' என்று கேட்பதும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள் என்பதுதான் என் வாதம்.

பெரியம்மாவோடு எனக்குச் சண்டை இல்லை. பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் அவர். என் சண்டை படித்த நம்மோடு. 1025-இல் ராஜேந்திர சோழனின் படை கடாரத்தைத் தாக்கியதை மார்தட்டிப் பேசுகிறோம். அதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பேசுவதில்லை. கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டத் தொடங்கினான், அவன் மகன் முடித்தான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை எழுதிக்கொடுத்தவன் ராஜேந்திரனின் அப்பா ராஜராஜன். அதைச் சொல்லும் செப்பேடுகள்தான் லெய்டன் செப்பேடுகள். நாகப்பட்டினத்தில் மிஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. கப்பற்படை மட்டும் நம் நினைவில் நிற்கிறது, விகாரை நிற்கவில்லை. இது மறதி இல்லை, பொறுக்கி எடுத்த நினைவு.

நம் மண்ணுக்கே வருவோம். 1936-இல் பீடோர் ஈய லம்பத்தில் எட்டுக் கைகளோடு ஒரு வெண்கல அவலோகிதேஸ்வரர் கிடைத்தார். இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறார். இந்தியாவில் பிறந்த இதே போதிசத்துவர்தான் சீனாவுக்குப் போய் குவான் யின் ஆனார். 'சீன அம்மன்' என்று நாம் சொல்லும் தெய்வம், சீனர்கள் இங்கே ஈயம் தோண்ட வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கிந்தா, பீடோர் பக்கம் வந்துவிட்ட தெய்வம்.

இன்னொன்று, புத்தகுப்தன் என்ற மாலுமியின் கல்வெட்டு. 1834-இல் செபராங் பிறையில் கண்டெடுக்கப்பட்டது. மொழி சமஸ்கிருதம், எழுத்து தென்னிந்திய வகை, காலம் சுமார் 5ஆம் நூற்றாண்டு. அதில் அவன் வெட்டி வைத்த கருத்து இதுதான்: அறியாமையால் வினை சேர்கிறது, வினையால் பிறப்பு வருகிறது, அறிவு வந்தால் வினை இல்லை, வினை இல்லையென்றால் பிறப்பும் இல்லை. துக்கம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் அதுவும் நீங்கும், நீக்க வழியும் உண்டு என்று புத்தர் சொன்னதன் சுருக்கம். மணிமேகலைக்கு அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களாக விளக்குவதும் இதைத்தான். எதுவும் தானாக, நிலையாக இல்லை, ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றுகிறது. இப்படி யோசிப்பவனிடம் போய் 'பிறப்பிலேயே உயர்ந்தவன்' என்றால் சிரிப்பான்.

புத்தரின் சங்கத்தில் சாக்கிய இளவரசர்கள் சேர வந்தபோது நாவிதர் உபாலியை முதலில் துறவு ஏற்கச் சொன்னார்கள். சங்கத்தில் மூத்தவரை இளையவர் வணங்க வேண்டும். தங்கள் குலத்திமிர் அடங்கட்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டது அது. மணிமேகலையில் ஆபுத்திரனின் பிறப்பைச் சொல்லி அந்தணர்கள் இழித்துப் பேசுகிறார்கள். அவன் அவர்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பை எடுத்துச் சொல்லித் திருப்பிக் கேட்கிறான். அவன் மறுபிறவியில் அரசனாவது சாவகத்தில், நம் பக்கத்துக் கடலில். தமிழ்ப்பள்ளியில் ஐம்பெருங்காப்பியங்களின் பெயரை மனப்பாடம் செய்தோமே, இதை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?

"இலங்கையில புத்த பிக்குங்க என்ன செஞ்சாங்கன்னு தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்ததும், 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததும் தெரியும். அரச மதமானால் எந்த மதமும் அப்படித்தான் ஆகும். ஆனைமங்கலத்து நெல்லை விதைத்து அறுத்தவன் விகாரைக்குள் எந்த இடத்தில் உட்கார்ந்தான் என்றும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சிங்களப் பேரினவாதத்தின் கையில் இருப்பதாலேயே புத்தர் அவர்களுடையவர் என்று ஒப்புக்கொண்டால், அந்தப் பேரினவாதம் சொல்வதையே நாமும் சொல்கிறோம்.

அப்படி ஒப்புக்கொள்ளாதவர் ஒருவர் நமக்கு இருந்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றார், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார், 1907 முதல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். ஒடுக்கப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள், பௌத்தத்தை விடாததால் தாழ்த்தப்பட்டார்கள் என்று வாதிட்டார். அந்த வரலாற்றை வரிக்கு வரி ஏற்க வேண்டியதில்லை. ஆனால் நம் தாத்தாக்கள் கப்பலேறிய காலத்திலேயே ஒரு தமிழர் பௌத்தத்தைச் சாதிக்கு எதிரான தமிழ் மரபாக மீட்டெடுத்தார். கப்பலில் சாதி வந்தது, லயத்து வீடுகளிலும் குடியேறியது, இன்று கல்யாணப் பேச்சில் உட்கார்ந்திருக்கிறது. பண்டிதர் மட்டும் கரையிலேயே நின்றுவிட்டார்.

யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. நானே மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவன்தான். புத்தரை இன்னொரு சாமியாகப் பூஜையறையில் சேர்த்துக்கொண்டாலும் பயனில்லை. கடாரத்தைப் பேசும் வாயால் ஆனைமங்கலத்தையும் ஆபுத்திரனையும் பேச வேண்டும். பேசினால் 'நம்ம ஆளுங்களா' என்ற கேள்வி தொண்டையில் சிக்கும். சிக்கட்டும்.

தம்பியிடம் நான் கேட்கவில்லை. பெரியம்மாவுக்கு ஆபுத்திரன் கதையைச் சொன்னேன். தாய் விட்டுப்போன குழந்தைக்குப் பசு பால் கொடுத்த இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. மறுவாரம் போன் செய்தார். "சரிடா, அந்தப் பொண்ணு விசயம் கேட்டியா இல்லியா?"